நரசிங்கன்பேட்டை நாகஸ்வரமும் ஒரு பார்சல் அலுவலகமும்

நரசிங்கன்பேட்டையில் அப்போதுதான் கடைந்து முடித்த பாரி என்னும் நீளமான வகை நாகஸ்வரம் ஒன்றை, அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் எளிதாகப் போய்விடக்கூடிய ஓர் ஊரின் தனியார் பார்சல் அலுவலகத்தில் 'மரச்சாமான், இதர வகை' என்று கணினியில் பதிந்தார்கள். இந்த முறை ஜெர்மனியிலிருந்து ஊருக்குப் போய் வந்ததில் என் மனத்தை விட்டு இறங்க மறுப்பது அதுதான். விமானம், வாடகைக் கார், தங்கும் இடம், வங்கி வேலை எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. இந்த ஒரு காரியத்தில் நான் கண்ட இரண்டு விதமான சேவையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒன்று, வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு குடும்பப் பட்டறையில் கிடைத்தது. மற்றது, குளிர்சாதன வசதியும் டோக்கன் முறையும் உள்ள ஓர் அலுவலகத்தில் கிடைத்தது.

எங்கள் பெரியப்பா கோயிலில் நாகஸ்வரம் வாசித்தவர். அவருடைய நாயனம் நரசிங்கன்பேட்டையில் செய்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் காவிரிக்கரை வித்வான்கள் வேறு ஊருக்குப் போய் நாயனம் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் காலமான பின் அது சில காலம் பரணில் இருந்தது. பிறகு என்னோடு மியூனிக் நகரத்துக்கு வந்தது. என் மகன் அங்கே ஓர் இலங்கைத் தமிழ் வித்வானிடம் கற்றுக்கொள்ளத் தொடங்கியதும்தான் அதன் துணி உறை அவிழ்ந்தது. ஜெர்மனியில் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் ரேடியேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றில் ஈரம் என்பதே இருக்காது. காவிரிக்கரைக் காற்றில் பழகிய மரத்துக்கு அது ஒத்துவரவில்லை. மேல்பக்கம், ஊதுநாக்கைச் செருகும் சின்ன உலோகக் குழலான கெண்டை உட்காரும் இடத்துக்குக் கீழே, முடி அளவுக்கு ஒரு வெடிப்பு கண்டது. மேல் ஸ்தாயியில் காற்று கசிந்து நாதம் பிளந்தது.

மியூனிக்கில் ஒபோ, கிளாரினெட் போன்ற மேற்கத்திய ஊதுகருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். முன்பதிவு செய்து, சில வாரம் காத்திருந்து, வெள்ளைத் துணி விரித்த மேசையின் முன் உட்கார்ந்தேன். அந்த மனிதர் மிகுந்த மரியாதையோடு கருவியை வாங்கிப் பார்த்தார். ஒபோவைப் போலவே இரட்டை நாக்கு வைத்து ஊதும் கருவி என்பதால் அவருக்கு உறவு புரிந்தது. ஆனால் உள்துளையின் அளவு தமக்குத் தெரியாது என்றும், அளவு தெரியாத கருவியில் கைவைப்பது தம் தொழிலுக்கு அடுக்காது என்றும் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். செய்த ஊருக்கே கொண்டுபோவது என்று அன்றுதான் முடிவாயிற்று.

நரசிங்கன்பேட்டை கும்பகோணம், மயிலாடுதுறை சாலையில், ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையில் இருக்கிறது. ரயில் நிலையமும் உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் போய்விடும் என்பதால் கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ இறங்கித்தான் போகவேண்டும். பக்கத்தில் திருவாவடுதுறை. இந்த இரண்டு ஊர்களும் அடுத்தடுத்து அமைந்தது நாகஸ்வரத்துக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் என்றே நான் நினைக்கிறேன். ஓர் ஊரில் கருவி செய்கிற கை, அடுத்த ஊரில் அதை வாசிக்கிற வாய். நடுவில் வியாபாரி இல்லை, கடை இல்லை. வாசித்தவர் குறை சொல்ல, செய்தவர் அதைக் கேட்டுத் திருத்த, நடந்து போய்வரும் தொலைவே போதுமானதாக இருந்தது.

இன்று நாம் கேட்கும் நாகஸ்வரத்தின் உருவம் அப்படித்தான் வந்தது. முன்பு பெரும்பாலும் வழக்கில் இருந்தது திமிரி. நீளம் குறைவு, சுருதி அதிகம், நான்கு கட்டைக்கு மேல் நிற்கும். சுவாமி புறப்பாட்டில் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்ற தேவைக்குப் பொருத்தமான கருவி. ஆனால் அதில் 'ம' என்னும் ஸ்வரமான மத்யமத்தில் ஒரு தீராத சிக்கல் இருந்தது. துளையைத் திறந்து இயல்பாக ஊதினால், மத்யமத்தின் இரு வகையில் தாழ்ந்ததான சுத்த மத்யமம் சரியாகப் பேசாது, ஏறி ஒலிக்கும். வாசிப்பவர் மூச்சாலும் உதட்டாலும் அதைப் பிடித்து இறக்க வேண்டும். தோடி, சங்கராபரணம், கரகரப்ரியா, காம்போதி என்று நம் பெரிய ராகங்கள் எத்தனையோ சுத்த மத்யமத்தில் நிற்பவை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தொல்லையின் அளவு விளங்கும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) இதற்கு ஒரு தீர்வு வேண்டும் என்று நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் கேட்டார். ஆசாரி நீளத்தைக் கூட்டினார். துளைகளின் இடத்தை மாற்றினார். செய்து கொடுத்து, வாசிக்கக் கேட்டு, மறுபடியும் செய்தார். அப்படிப் பல முறை முயன்று அமைந்ததுதான் சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசும் பாரி நாகஸ்வரம். மூன்று அடிக்குச் சற்றுக் குறைவான நீளம், இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி, கனத்த நாதம். வீதியில் முழங்கிய கருவி சபை மேடையிலும் உட்கார்ந்து நான்கு மணி நேரம் ராக ஆலாபனை செய்ய முடிந்ததற்கு, ராஜரத்தினம் பிள்ளையின் மேதையோடு இந்தக் கருவியும் ஒரு காரணம். சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டிருக்கும் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டு அவர் வாசித்ததும் சுருதி இறங்கியதால்தான் பொருந்தியது. அவருக்குப் பின் வந்த காருகுறிச்சி அருணாசலம் தொடங்கி இன்றைய பிள்ளைகள் வரை பெரும்பாலோர் கையில் இருப்பது பாரிதான். ராஜரத்தினம் பிள்ளையின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. ரங்கநாதன் ஆசாரியின் பெயரை, நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த என் தலைமுறையிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் தொடங்கிவைத்த அளவுகளைக் கொண்டு அவர் வழியில் வந்தவர்களும் உறவினர்களும் இன்றும் அந்த ஊரில் தொழில் செய்கிறார்கள். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய குடும்பங்கள்தான். நான் போனது அவற்றுள் ஒன்று. வீட்டின் பக்கவாட்டில் கூரைக் கொட்டகை, அதற்குள் கடைசல் எந்திரம், சுவர் ஓரமாக வெவ்வேறு நீளத்தில் இரும்புத் துரப்பணங்கள், கீழே செம்பழுப்பு நிறத்தில் மரத்தூள். ஒரு மூலையில் பழைய வீட்டுத் தூண் ஒன்று, கதவு நிலையின் துளைகளோடு, அறுபடக் காத்திருந்தது. நாகஸ்வரத்தின் குழல் பகுதியான உலவு செய்ய ஆச்சா மரம்தான் வேண்டும். அதிலும் புதிதாக வெட்டிய மரம் உதவாது. வாசிக்கும்போது மூச்சின் சூடும் ஈரமும் உள்ளே இறங்கிக்கொண்டே இருப்பதால் இளமரம் வளையும், வெடிக்கும். எழுபது, எண்பது, நூறு ஆண்டு ஒரு வீட்டைத் தாங்கி நின்று, உலர வேண்டிய அளவுக்கு உலர்ந்து, இனி அசையமாட்டேன் என்று அடங்கிய மரம் வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான மரம் அது.

அதனால்தான் இந்தத் தொழிலில் 'எப்போது கிடைக்கும்' என்ற கேள்விக்கு நேரான பதில் வருவதில்லை. நானும் முதலில் எரிச்சல்பட்டேன். ஜெர்மனியில் ஒரு நாற்காலி வாங்கினாலும் அது வந்து சேரும் நாளும் மணியும் கைபேசிக்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இருப்பவனுக்கு, தொலைபேசியில் "வாங்க தம்பி, மரம் வந்திருக்கு, பாத்துக்கலாம்" என்ற ஒரு வாக்கியத்தை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பது கடினம். எங்கோ ஒரு பழைய வீடு இடிபடும்போதுதான் மரம் வருகிறது. வரும் மரத்திலும் ஆணி அடித்த பகுதி, பூச்சி அரித்த பகுதி, நீர் இறங்கிய பகுதி எல்லாம் கழிந்துவிடும். எஞ்சியதில் எத்தனை உலவு தேறும் என்று அறுத்துப் பார்த்த பிறகே தெரியும். இதற்கு எந்த மென்பொருளும் நாள் குறித்துக் கொடுக்க முடியாது.

ஆனால் நேரில் போய் உட்கார்ந்தபின் அங்கே கிடைத்த கவனிப்பு, நான் வெளிநாட்டில் எந்தக் கடையிலும் காணாதது. பட்டறைப் பெரியவர் முதலில் விலையைப் பேசவில்லை. யாரிடம் பாடம், என்ன சுருதியில் வாசிக்கிறான், குருநாதர் கையில் இருப்பது யார் செய்தது என்று கேட்டார். பிறகு என் மகனைக் கூப்பிட்டு, துளைபோட்டு முடித்த ஒரு உலவைக் கையில் கொடுத்து விரல் வைக்கச் சொன்னார். பாரியில் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு விரல் எட்டாது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தம் விரலால் அழுத்திப் பார்த்து, "எட்டுது, இன்னும் ஒரு வருசத்துல நல்லாவே எட்டும், இதையே எடுத்துக்கிடுங்க" என்றார். எட்டாவிட்டால் திமிரிக்கும் பாரிக்கும் இடைப்பட்ட இடைபாரி பார்க்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். விற்றால் போதும் என்ற எண்ணம் அந்தப் பேச்சில் எங்கும் இல்லை.

அதன் பிறகு பெரியப்பாவின் நாயனத்தை எடுத்து வைத்தேன். பெரியவர் வெடிப்பை முதலில் பார்க்கவில்லை. கீழ்முனைப் புனலான அணசைக் கழற்றி ஓரமாக வைத்தார். உலவை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் உள்துளையைப் பார்த்தார். பிறகு மூன்றாம் துளையின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "இது எங்க தாத்தா கைவேலை. இப்படி உள்சரிவா விளிம்பு எடுக்கிறது அவருதான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த தம் மகனைக் கூப்பிட்டு அந்த விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். என் பெரியப்பா அந்தத் துளையில் ஆண்டுக்கணக்காக விரல் வைத்து வாசித்தார். அதைச் சரித்த கையின் பேரன் அதை விரலாலேயே அடையாளம் கண்டுகொண்டார். எந்த ரசீதும் உத்தரவாத அட்டையும் இதைச் செய்யாது.

வெடிப்பை அவர் அடைத்த விதமும் சொல்லத்தக்கது. நல்ல வெளிச்சம் வரும் வரை காத்திருந்தார். வெடிப்பின் இரு முனையும் எங்கே முடிகின்றன என்று எண்ணெய் தொட்டுத் தடவிப் பார்த்தார். உலர்ந்த மரம் எண்ணெயைக் குடித்த இடத்தில் கோடு கறுத்துத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் இடம்விட்டு ஒரு பூண் போட்டு இறுக்கினார். பிறகு நாணலில் செய்த ஊதுநாக்கான சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்தி, கெண்டையில் செருகி, கீழ் ஷட்ஜத்திலிருந்து ஏறி வந்தார். மேலே போனபோது நாதம் பிளக்கவில்லை. ஆனாலும் திருப்தி இல்லாமல், அடிப்பக்கத்தில் விரல் வைக்காத ஐந்து துளைகளில் ஒன்றில் மெழுகைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி ஊதிப் பார்த்த பிறகே கையில் கொடுத்தார். மேலே விரலுக்கு ஏழு துளை. கீழே இந்த ஐந்தும் சுருதியைத் திருத்திக்கொள்ள. மியூனிக் கடைக்காரர் 'அளவு தெரியாது' என்று சொன்னது சரியே. அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, இந்தக் கொட்டகையில் இருக்கிறது.

மியூனிக்கிலிருந்து ரயிலில் போனால் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மிட்டன்வால்ட் என்று ஓர் ஊர் வரும். அங்கே மத்தியாஸ் க்ளோட்ஸ் (1653-1743) என்பவர் வயலின் செய்யத் தொடங்கினார்; அவர் மக்களும் பேரன்மாரும் தொடர்ந்தார்கள்; மலையில் கிடைத்த மரத்தை வைத்து ஊரே வயலின் ஊராயிற்று. குடும்பத்துக்குள் இருந்த தொழில் குடும்பத்தோடு போய்விடக்கூடாது என்று 1858இல் அங்கே வயலின் செய்யக் கற்றுக்கொடுக்கும் பள்ளியைத் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. அருங்காட்சியகம் இருக்கிறது. தேவாலயத்துக்கு முன்னால் அந்தத் தச்சருக்குச் சிலை இருக்கிறது. வாசித்தவருக்கு அல்ல, செய்தவருக்கு. அந்தச் சிலையின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு ரங்கநாதன் ஆசாரியின் நினைவு வரும். நம்மிடம் நாகஸ்வரம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கத் திருவையாற்றிலும் பழநியிலும் கல்வி நிலையங்கள் இருக்கின்றன, அது பெருமைதான். செய்கிற வித்தை மட்டும் இன்றும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, கொட்டகைக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளை வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்த வீட்டின் அளவுகள் அந்த வீட்டோடு முடிந்தன.

இனி பார்சல் அலுவலகம். புதிய நாயனம் கைக்கு வந்தபோது எங்களுக்கு இன்னும் மதுரை, ராமேஸ்வரம் என்று பயணம் மிச்சம் இருந்தது. கொளுத்தும் வெயிலில் காருக்குள் புது உலவை வைத்துக்கொண்டு சுற்றுவது சரியில்லை என்பதால், அதை நேராக மியூனிக்குக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். வெளிநாட்டுக்கு அனுப்பும் வசதி உண்டு என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்த அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். முறை வந்ததும், கவுண்டரில் இருந்த தம்பி, "என்ன ஐட்டம் சார்?" என்றார்.

"நாகஸ்வரம்."

தட்டச்சு செய்தார், ஒன்றும் வரவில்லை. இசைக்கருவிகள் என்ற பட்டியலைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். கிடார், வயலின், கீபோர்டு, தபலா, புல்லாங்குழல் இருந்தன. நாகஸ்வரம் இல்லை. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பட்டியலைப் பெங்களூரிலோ மும்பையிலோ யாரோ தயாரித்திருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் தஞ்சாவூர் மாவட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாங்கல்யதாரணத்துக்குக் கெட்டிமேளம் கொட்டியபோது கூடவே ஒலித்தது இந்தக் கருவிதான்.

"லிஸ்ட்ல இல்லீங்க சார். மரம்தானே? மரச்சாமான்ல போட்டுடறேன்" என்றார் தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார்; அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லிலிருந்து எல்லாம் வரிசையாகத் தொடங்கியது. மரச்சாமான் என்பதால் பூச்சி மருந்துப் புகை போட்டதற்குச் சான்றிதழ் கேட்டது கணினி. பச்சை மரத்துக்கும் மரப்பெட்டிக்கும் கேட்க வேண்டிய தாளை, நூறு ஆண்டு உலர்ந்து கடைந்து எண்ணெய் ஏற்றிய கருவிக்குக் கேட்டது. மரச்சாமானுக்கு இவ்வளவு மதிப்புப் போட முடியாது என்பதால், பட்டறையில் நான் கொடுத்த விலையைக் காப்பீட்டுக்கு ஏற்க மறுத்தது. நீளத்தைக் காட்டிக் கட்டணத்தை உயர்த்தியது. மேலாளர் வந்தார். அணசைச் சுட்டிக் காட்டி, "கீழ இருக்கிற இந்தப் புனலத் தனியா அனுப்பிட்டா சைஸ் குறையும் சார்" என்று யோசனை சொன்னார். அப்படியென்றால் புல்லாங்குழல் என்றாவது பதியுங்கள் என்றேன். பொருளும் பெயரும் மாறியிருந்தால் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள் என்றார். அது நியாயம். ஆனால் மரச்சாமான் என்பது மட்டும் எப்படிச் சரியான பெயர் ஆயிற்று என்ற என் கேள்விக்கு, "சிஸ்டத்துல இல்லாதத நாங்க சேர்க்க முடியாது சார், ஹெட் ஆபீஸ்தான்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. காலையில் போனவன், சாப்பாட்டு நேரத்துக்கு அவர்கள் கவுண்டரை மூடும் வரை நின்றேன்.

ஜெர்மனியில் எந்தத் தபால் ஊழியருக்கும் நாகஸ்வரம் என்றால் என்னவென்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. உலகம் முழுதும் சுங்கத்துறைகள் பயன்படுத்தும் வகைப்பாட்டு எண்ணை எழுதிக் கொடுத்தால் அவர் வேலை முடிந்தது. அந்த வகைப்பாட்டில் 92 என்ற அதிகாரம் முழுவதும் இசைக்கருவிகளுக்கு உரியது. அதில் 9205 காற்றுக் கருவிகள். ஒபோவும் அதில்தான், ஷெனாயும் அதில்தான், நாகஸ்வரமும் அதில்தான். மரப்பொருள்கள் 44ஆம் அதிகாரம். இந்தியாவும் இதே எண்களைத்தான் பயன்படுத்துகிறது. ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்யும் உள்நாட்டு இசைக்கருவிகளுக்கு வரிவிலக்குக் கொடுத்ததும் இதே 92ஆம் அதிகாரத்தின் கீழ்தான். அரசாங்கக் கணக்கில் இசைக்கருவியாக இருக்கும் பொருள், கருவி பிறந்த மாவட்டத்துப் பார்சல் அலுவலகக் கணக்கில் மரச்சாமானாக இருந்தது. இந்த எண்ணையும் மேலாளரிடம் சொன்னேன். எண்ணை உள்ளிட அந்தத் திரையில் இடமே இல்லை, பட்டியலில் இருக்கும் பெயரைத் தொட்டால் எண் தானாக வரும் என்று காட்டினார்.

2022 மார்ச் மாதத்தில் நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு அதற்கு முன்பே, 2013இல், கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று வெளிநாட்டிலிருக்கும் நாங்கள் எல்லோரும் அதைப் பகிர்ந்து மகிழ்ந்தோம். அந்தக் குறியீடு செய்வது ஒரு பாதுகாப்பு: வேறு இடத்தில் செய்த கருவியை நரசிங்கன்பேட்டை என்ற பெயரில் விற்கக்கூடாது. பெயரைக் காக்கும் சட்டம் அது. அந்தப் பெயர் அடுத்த ஊர்ப் பார்சல் அலுவலகத்தின் பட்டியலில் ஏறுவதற்கோ, மரம் கிடைப்பதற்கோ, கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை வந்து சேர்வதற்கோ அது தானாக வழி செய்யாது. அவற்றை வேறு யாராவது முயன்று செய்ய வேண்டும். கொட்டகையில் இருப்பவர்களுக்கு அதற்கு நேரம் இல்லை. அவர்கள் கைகள் உலவைப் பிடித்திருக்கின்றன. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு இந்தக் கருவியை வாங்குபவர்கள், கணினியும் மின்னஞ்சலும் அன்றாடம் புழங்குபவர்கள், நாம்தான் செய்ய வேண்டும்.

மறுபடி பட்டறைக்கே போனேன். நடந்ததைச் சொன்னதும் பெரியவர் வியப்படையவில்லை. பார்சலில் போட்டுப் பழக்கமில்லை, வாங்குபவர்கள் கையிலேயேதான் கொண்டுபோகிறார்கள் என்றார். அவருடைய மகன் சைக்கிளில் போய், கட்டடச் சாமான் கடையிலிருந்து அளவான பிவிசி குழாய் ஒன்றை வெட்டி வாங்கி வந்தார். உலவைப் பழைய பருத்தி வேட்டியால் சுற்றிக் குழாய்க்குள் இறக்கி, இரு பக்கமும் துணி அடைத்து மூடி போட்டார். அணசு தனியாகத் துணிப்பையில். சீவாளிகள் ஒரு சின்ன டப்பாவில். வேட்டி சிந்தெட்டிக் கலக்காத பருத்தியாகவே இருக்க வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாள் பீரோவிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். டப்பாவுக்கும் துணிக்கும் காசு வாங்க மறுத்தார்கள். குழாய்க்கு மட்டும் கடை ரசீதைக் காட்டி அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டார்கள். அந்தக் குழாயோடுதான் ராமேஸ்வரம் வரை போனோம், நிழல் பார்த்துக் காரை நிறுத்தினோம், கையோடு விமானத்தில் ஏறினோம்.

ஊருக்குப் போய் நாயனம் வாங்க எண்ணுபவர்களுக்குச் சில விவரங்கள். பயணம் முடிவானவுடனேயே பட்டறைக்குச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் சில மாதங்களுக்கு முன்பே. சுருதியையும் வாசிப்பவரின் வயதையும் சொல்லுங்கள். பிள்ளைக்கு என்றால் பிள்ளையோடு போங்கள். சீவாளியைத் திருவாவடுதுறையில் வாங்குங்கள், நாணலை அவித்து உலர்த்திச் செய்யும் அந்த வேலை அங்கே தனித் தொழில். கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாடுகளில் இருப்பவர்கள் கருவி இருக்கும் அறையில் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒருபோதும் மாட்டி வைக்காதீர்கள். பட்டறையில் கொடுக்கும் துண்டுச்சீட்டில் 'நாகஸ்வரம், கையால் செய்தது, 9205' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி எழுதிக் கொடுத்த சீட்டை ஜெர்மன் சுங்கத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தப் பார்சல் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு இதே எண்ணைக் குறிப்பிட்டு, இசைக்கருவிகள் பட்டியலில் நாகஸ்வரம், தவில், வீணை, மிருதங்கம், கடம் ஆகிய ஐந்தையும் சேர்க்க வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக ஒரு பதில் வந்திருக்கிறது. இன்னும் சேர்த்ததாகத் தெரியவில்லை. இதைப் படிப்பவர்கள் தங்கள் ஊர் அலுவலகத்தின் பட்டியலில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்து, இல்லாவிட்டால் ஒரு கடிதம் எழுதுங்கள். கோரிக்கை பல ஊர்களிலிருந்து போனால்தான் அங்கே யாராவது திரையைத் திறப்பார்கள்.